தம்பிக்கு முதல் மாத்திரை கிடைக்கும் வரை

என் தம்பிக்கு இருப்பது இருமுனை மனநோய். டாக்டர்கள் பைபோலார் என்கிறார்கள். சில காலம் மனம் கட்டுக்கடங்காமல் எழும்பி நிற்கும், அப்புறம் சில மாதம் பாயை விட்டு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவான், நடுவில் எல்லோரையும் போல நன்றாகவும் இருப்பான். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், கடலுக்குப் போகிறான், வீட்டுச் செலவுக்குப் பணம் தருகிறான். இந்த இடத்துக்கு வந்து சேர எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அம்மாவின் நகையும் என் நகையும் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு லட்ச ரூபாய் போனது. அதில் சரியான மாத்திரைக்குச் செலவானது சில நூறு ரூபாய்தான். மீதி முழுவதும் அந்த மாத்திரை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கரைந்தது. இந்தக் கரையில் இன்னொரு வீடு அதே வழியில் அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலோரத்தில் குடியிருக்கிறோம். அப்பா இல்லை. என் கணவர் சவுதியில் டிரைவர். வீட்டில் அம்மா, நான், பிள்ளைகள், தம்பி. எனக்குத் தையல் வேலை, கூடவே மகளிர் குழுக் கணக்கும் எழுதுவேன். தம்பி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். ராத்திரி முழுக்க வலை இழுத்துக் கரைக்கு வந்த ஆட்கள் சோறு தின்ற கையோடு படுத்துவிடுவார்கள். அவன் படுக்கவில்லை. எங்களுக்கு முதலில் தெரிந்தது அதுதான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில் தூக்கமே இல்லாமல் இருந்தான், களைப்பும் இல்லை. பொறுப்பு வந்துவிட்டது என்று பக்கத்து வீடுகளில் பாராட்டினார்கள். கேட்டால், "எனக்கு என்னாக்கா, நல்லாத்தான இருக்கேன்" என்பான். பேச்சு நிற்காது. சொந்தமாக லாஞ்சு வாங்கப் போவதாகச் சொல்லி வெவ்வேறு சம்மாட்டிகளிடம், அதாவது படகு முதலாளிகளிடம், முன்பணம் வாங்கினான், கூட்டாளிகளுக்கு செல்போன் வாங்கிக் கொடுத்தான், தவணையில் ஒரு பைக் எடுத்தான். ஒரு விடியற்காலை எழுந்து பார்த்தால் அடுப்படிச் சுவரில் தொடங்கிக் கொல்லைச் சுவர் வரைக்கும் சாக்பீஸால் கணக்கு எழுதியிருக்கிறான். டீசல் இத்தனை லிட்டர், ஐஸ் இத்தனை பெட்டி, ஆள் சம்பளம், இறால் விலை. ஒரு வரி கூடக் கோணல் இல்லை. கை எட்டாத உயரத்துக்கு ஸ்டூல் போட்டு எழுதியிருந்தான். நான் தண்ணீரும் துணியும் எடுத்துத் துடைக்கப் போனதும் என்னைப் பிடித்துத் தள்ளினான். அதுவரை அவன் என் மேல் கை வைத்ததே இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் தூக்கத்தைக் கவனியுங்கள். தூக்கம் வராமல் புரண்டு தவிப்பது வேறு. தூக்கமே தேவைப்படாமல் நாள் கணக்கில் தெம்பாக இருப்பது, நிறுத்தாமல் பேசுவது, கையில் இல்லாத பணத்தைச் செலவழிப்பது, யாரும் குறுக்கே பேசினால் வெடிப்பது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் அது குணம் மாறியது இல்லை, நோய். என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை மணி நேரம் தூங்கினான், என்ன செலவு செய்தான் என்று பழைய நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும் நேரம் ரொம்பக் குறைவு. பதற்றத்தில் பாதி மறந்துபோகும். நோட்டு இருந்தால் எடுத்து நீட்டிவிடலாம்.

அப்போது எங்களுக்கு ஊர் சொன்ன விளக்கம் வேறு. உச்சி வேளையில் கடலில் காத்து பட்டிருக்கிறது என்றார்கள். ஆகாதவர்கள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். கஞ்சா என்றார்கள். அம்மா ஒருவரைப் பார்த்து வந்தார். செய்வினை எடுக்க அவர் கேட்டது 18,000 ரூபாய். நான் அம்மாவைக் குறை சொல்லவே மாட்டேன். பிள்ளைக்கு ஏதாவது செய்தாக வேண்டும், அவருக்குத் தெரிந்த வாசல் அது. பணம் கொடுத்துப் பூஜை முடிந்து சில வாரத்தில் தம்பி அடங்கினான். தூங்கினான். வீடே நிம்மதியானது. பிற்பாடு டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது: இந்த நோயின் வேகம் வைத்தியம் இல்லாவிட்டாலும் சில வாரத்திலோ சில மாதத்திலோ தானாகவே இறங்கும், மறுபடி ஏறும். இறங்குகிற சமயத்தில் யாரிடம் போயிருந்தோமோ, பெயர் அவருக்குப் போய்விடும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே எத்தனையோ வீடுகளில் பணம் மிஞ்சும்.

அடங்கினவன் அப்படியே படுத்துவிட்டான். பேச்சில்லை, சாப்பாடில்லை, குளிப்பதற்குக் கூட அம்மா கையைப் பிடித்து எழுப்ப வேண்டும். முன்பணம் கொடுத்த சம்மாட்டிகள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை, அது அவர்கள் பணம். என் சங்கிலி அடகுக்குப் போனது அப்போதுதான். அம்மா அவனை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போனார், சில நாள் நானும் போய்த் தங்கினேன். இந்தக் கரையில் மதம் பார்த்து யாரும் ஏர்வாடிக்குப் போவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்ததை எங்கள் வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. இப்போது சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்கட்டும் என்று அரசு மனநல மருத்துவ வசதியும் செய்திருக்கிறது. அங்கே பக்கத்தில் தங்கியிருந்த ஒரு அம்மா, சிவகங்கைப் பக்கம், மகளோடு வந்திருந்தார். அவர்தான் என்னிடம் சொன்னார்: "கும்பிடுறதக் கும்பிடுங்க தாயி. அதோட மனநல டாக்டரயும் பாருங்க. ஒண்ணுக்காக இன்னொண்ண விடாதீங்க." அந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வார்த்தை அது.

ஆனாலும் உடனே மனநல டாக்டரிடம் போக முடியவில்லை. அம்மா ஒரே பிடியாக நின்றார். பெரியாஸ்பத்திரியில் அந்தப் பிரிவு வரிசையில் உட்கார்ந்தால் நம் ஊர்க்காரன் எவனாவது பார்ப்பான், நாளைக்கு இவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்றார். அதனால் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். பொது மருத்துவர். குளுக்கோஸ் ஏற்றினார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். 26,000 ரூபாய்க்கு மேல் ஆனது. எல்லாம் நார்மல். கடைசியில் மனச்சோர்வு என்று சொல்லி அதற்கு மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதினார்கள். இதற்கு முன்னால் எப்போதாவது தூங்காமல் எகிறிக்கொண்டு இருந்தானா என்று ஒரு கேள்வி வரவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது. பைபோலார் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனம் மறுமுனைக்குத் தூக்கி எறியப்படும். தம்பிக்கு அதுதான் நடந்தது. ஆகவே யாராவது சோர்ந்து படுத்திருந்து டாக்டரிடம் போனால், அதற்கு முந்தின கதையையும், அவர் கேட்காவிட்டாலும், சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் பெரியப்பா ஒருவர் வீட்டை விட்டுப் போய் வருடக்கணக்கில் திரும்பாமல் இருந்தார். அதை ஒரு நோயாக நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

இரண்டாவது தடவை ஏறியபோது முதல் தடவை போல இல்லை. கடலுக்குள் நடந்தே கச்சத்தீவுக்குப் போகிறேன் என்று கழுத்தளவு தண்ணீர் வரை போய்விட்டான். கரையில் நின்றவர்கள் குதித்து இழுத்து வந்து, நைலான் கயிற்றால் வேப்பமரத்தில் கட்டினார்கள். உயிரைக் காப்பாற்றத்தான் கட்டினார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவன் உதறியதில் கயிறு மணிக்கட்டில் தோலை உரித்துக்கொண்டு போனது, உப்புத் தண்ணீர் பட்ட புண்ணில் ஈ மொய்த்தது, பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் கணவருக்குப் போன் செய்தேன், அவர் வண்டியில் இருந்தார், எடுக்கவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்ற அந்த நேரம் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண் 14416 என்ற எண்ணைச் சொன்னாள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண். இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். எடுத்தவர் முதலில் என்னைத்தான் அமைதிப்படுத்தினார். அப்புறம் தம்பி கையில் ஆயுதம் ஏதும் இருக்கிறதா, தண்ணீர் குடித்தானா என்றெல்லாம் கேட்டு, கயிற்றை அவிழ்த்து இரண்டு பேர் பக்கத்தில் இருக்கச் சொன்னார், 108-ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ்காரர்கள் போலீஸ் துணை கேட்டார்கள். போலீஸ் என்றதும் அம்மா அலறிவிட்டார், பிள்ளையைப் பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று. அப்படி இல்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கும் நிலையில் இருப்பவரைப் பாதுகாத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கவே கூடாது. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் நம் குரலில் நடுக்கம் குறையும்.

மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் முறை இருக்கிறது. தானே சம்மதித்துச் சேரலாம். சம்மதிக்கிற நிலையில் இல்லாதவரை, அவருடைய பிரதிநிதியாக இருக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்தால், தகுதியுள்ளவர்கள் இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து 30 நாள் வரை வைத்துச் சிகிச்சை தரலாம். அந்தப் பிரதிநிதி யார் என்பதை நோயாளி நன்றாக இருக்கும்போதே சாதாரண வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோ, கைநாட்டு வைத்தோ கொடுத்துவிடலாம். தம்பி தெளிந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை அதுதான். என் பெயரை எழுதினான். நான் கேட்காமலே கீழே இன்னொரு வரியும் எழுதினான், என்னைக் கட்டிப் போடக் கூடாது என்று.

மறுபடி புறநோயாளியாக வரச் சொன்ன நாளில், மனநலப் பிரிவு வாசலில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். எங்கள் கடற்கரை பாதி அங்கே இருந்தது. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொரு ஊராக வந்தது. காலேஜ் படிக்கும் பெண், குடியை நிறுத்த முடியாத சம்மாட்டி, பிரசவத்துக்குப் பிறகு பிள்ளையைத் தூக்க மறுத்த ஒரு தாய். எந்த வரிசையில் யாரும் பார்த்துவிடுவார்கள் என்று அம்மா பயந்தாரோ, அந்த வரிசையில் எல்லோரும் அதே பயத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூரில் இருக்கும் மத்திய அரசு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கில், வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரிந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சைக்கே வரவில்லை. அந்த வராந்தாவில் இடம் இல்லாமல் நின்றோம். அப்படியானால் வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவே வயிறு கலங்கியது.

வெட்கம் ஒன்றுதான் தடை என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வெட்கம் முதல் தடவையோடு போய்விடும். திரும்பத் திரும்ப வருவது பஸ்ஸும் கூலியும்தான். மருந்து இலவசம். ஆனால் அதை வாங்க அவனுக்கு ஒரு நாள் பாடு போகும், எனக்கு ஒரு நாள் தையல் போகும், இரண்டு பேர் பஸ் செலவு, மத்தியானச் சாப்பாடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டில் இருக்க வேண்டும். டாக்டர் வரும் கிழமையும் படகு கடலுக்குப் போகும் கிழமையும் ஒன்றாக இருந்துவிட்டால் எது பெரிது என்று வீட்டில் சண்டை வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவனுக்கு நேரம் கிடக்கும், கையில் காசு இருக்காது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தம்பி மாத்திரைக்கு நான் பஸ் ஏறுகிறேன். இதையும் வாசலுக்குக் கொண்டுவந்தால் இந்தக் கரையில் எத்தனை பேர் மாத்திரையை விடாமல் இருப்பார்கள்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழிகளைச் சொல்கிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தெந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நம் ஊருக்குக் கிட்டத்திலேயே வரலாம். நோய் நிலையாக இருந்தால் ஒரே தடவையில் கூடுதல் நாளுக்கு மாத்திரை தர முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். எங்கள் நிலைமையைச் சொன்னதும் டாக்டர் நாளைக் கூட்டித் தந்தார். மாத்திரை இருப்பு இல்லை என்று சொன்னால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள், சீட்டில் பெயரை எழுதி வாங்கி வெளியே வாங்கிவிடுங்கள். எங்களுக்கு எழுதியது லித்தியம், விலை குறைந்த மருந்துதான். ஒரு வாரம் விட்டுப்போனால் வரும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

லித்தியம் பற்றிக் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நல்ல மருந்து, எங்கள் வீட்டைத் தூக்கி நிறுத்தியதே அதுதான். ஆனால் ரத்தத்தில் அது இருக்க வேண்டிய அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி குறைவு. வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அளவு ஏறிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் ஏறும். உடம்பு வலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளாலும் ஏறும். படகில் வலி மாத்திரை போடாதவர் யார் இருக்கிறார்கள்? கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் ஒரு தங்கல் முடிந்து வந்தபோது தம்பிக்குக் கை நடுங்கியது, நாக்குக் குழறியது, நடை தள்ளாடியது. தண்ணியடித்திருக்கிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தான். அதிலிருந்து அவனுக்கென்று தனி வெள்ளைக் கேன், மூடியில் சிவப்புத் துணி கட்டியது, படகில் ஏறும். அது காலியாகித்தான் கரைக்கு வர வேண்டும் என்று பேச்சு. சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது. டாக்டர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகமும் தைராய்டும் கூடவே பார்ப்பார்கள். நோன்பு, விரதம் இருக்கும் வழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாக ஆனதும் மாத்திரையை நிறுத்தத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. நல்லாத்தான் இருக்கிறாய், எதற்கு மாத்திரை என்று கூடப் போகிறவர்களே சொன்னார்கள். அதனால் அவன் சம்மதத்தோடு சம்மாட்டியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். கையும் காலும் உதறலாகத்தான் இருந்தது, வேலை போய்விடுமோ என்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் மச்சினனும் இப்படித்தாம்மா" என்றார். இப்போது ராத்திரி மாத்திரை போட்டானா என்று படகில் அவரே கேட்கிறார். ஏ.டி.எம். கார்டு என்னிடம் இருக்கிறது, முன்பணம் என் காதுக்கு வராமல் யாரும் தர மாட்டார்கள். இதெல்லாம் அவன் தெளிவாக இருந்தபோது அவனே ஒத்துக்கொண்ட ஏற்பாடு. மேலே இருந்து திணித்திருந்தால் ஒரு மாதம் கூட நின்றிருக்காது.

கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்று இன்னமும் சொல்கிறார்கள். ஆகாது. கல்யாணச் செலவு, தூக்கமில்லாத இரவுகள், புதுப் பொறுப்பு, எல்லாமே இந்த நோய்க்குப் பாரம்தான். ஒன்றும் தெரியாமல் வரும் பெண்ணுக்கு அது துரோகம். நோயை வைத்துக்கொண்டு நன்றாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதற்கு முதலில் பெண் வீட்டில் உண்மை தெரிந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டுத்தான் கட்டுவேன் என்று தம்பி உறுதியாக இருக்கிறான். சொன்னதால் ஒரு சம்பந்தம் போனது. அம்மா அழுதார். நான் அழவில்லை.

கடைசியாக, கூட ஓடுகிறவர்களுக்கு. தம்பி தேறிவந்த சமயத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும். மிஷினில் உட்கார்ந்தால் எதைத் தைக்கிறேன் என்று தெரியாது. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்தான் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து, நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். சில மாதம் நானும் மாத்திரை சாப்பிட்டேன், ஆலோசகரிடம் பேசினேன். கணவருக்குப் போனில் சொன்னபோது அவர், அங்கே ரூமில் தனக்கும் பல நாள் அப்படித்தான் இருக்கிறது என்றார். 14416 வெளிநாட்டிலிருந்து கிடைக்குமா என்று கேட்டார். ஊருக்கு வந்ததும் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நோயாளியோடு போகிறவர்கள் அன்றைக்கே தங்களுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளுங்கள். அதே பஸ், அதே வரிசை, தனியாக ஒரு நாள் வேலை கெடாது.